வாங்குகிறவர் தேடும் சொல் எது?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



1960-களிலே ஆடுதுறை 27 என்று ஒரு நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பிலே அந்த நெல்லைப் பற்றி விடாமல் எடுத்துச் சொன்னார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் அதைக் கேட்டு, விதை தேடிப் போனார்கள். அவர்கள் வாயிலே ஆடுதுறை 27 என்ற பெயர் நிற்கவில்லை. "ரேடியோ நெல்லு இருக்குதுங்களா?" என்றுதான் கேட்டார்கள். அந்த நெல்லுக்கு அந்தப் பெயரே நிலைத்தும்விட்டது.

ஒரு விதைக் கடையை மனசிலே நினைத்துப் பாருங்கள். மூட்டைமேல் 'ஆடுதுறை 27' என்று கடைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். ரேடியோ நெல் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் கேட்கிறார். "அப்படி ஒண்ணும் நம்மகிட்ட இல்லீங்களே" என்று இவர் கையை விரிக்கிறார். சரக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, காசோடு ஆள் முன்னால் நிற்கிறார், ஆனாலும் வியாபாரம் நடக்கவில்லை. ஒரு சொல் இடையிலே நின்று தடுத்துவிட்டது.

இன்றைக்கு இணையதளம் வைத்து விளைபொருள் விற்க நினைக்கும் குழுக்களுக்கு நேருவதும் இதுதான். கூகுள் போன்ற தேடுபொறியிலே ஒருவர் தட்டுகிற சொல்லுக்கு, அல்லது வாயால் சொல்லித் தேடுகிற சொல்லுக்கு, தேடுசொல் என்று பெயர். 'கீவேர்டு' என்று சொல்கிறார்களே, அது இதுதான். வாங்குகிறவர் எந்தச் சொல்லைத் தட்டுகிறார் என்று விசாரித்து அறிவது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் செய்த தவறு

முதலில் என் தவறையே சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையிலே, வெள்ளிமலைப் பக்கம் ஒரு மகளிர் குழு. சாமை அரிசி, கேழ்வரகு மாவு, கொட்டை எடுத்த புளி, கடுக்காய், இவைதான் அவர்கள் சரக்கு. சாமையைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டால் அவர் சொல்வதுதான் விலை. அதனாலே அந்த வருஷம் பாதியை நிறுத்திவைத்து, உமி நீக்கி, அரிசியாக்கி, நேராக விற்பது என்று துணிந்தார்கள். குழுக் கடன் தவணை வேறு மாதாமாதம் கட்ட வேண்டும்.

குழுவிலே ஒரு அம்மாவின் மகன் கல்லூரியிலே படிக்கிறான். அவன் இணையதளம் அமைத்துக் கொடுத்தான். அதிலே எழுத வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். 'பழங்குடியினர் குறுதானிய மதிப்புக்கூட்டுப் பொருட்கள் உற்பத்தி மற்றும் விற்பனை' என்று தலைப்புப் போட்டேன். மாதங்கள் போயின. ஒரு போன் வரவில்லை. மூட்டைகள் அப்படியே கிடந்தன. ஒருநாள் அந்த அம்மா கேட்டார்: "போர்டு மாட்டிட்டா போதும், ஆளு வரும்னு சொன்னீங்களே சார். யாரும் எட்டிக்கூடப் பாக்கலியே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முழுசும் படித்தேன். 'சாமை அரிசி' என்ற சொல் எழுத்திலே ஒரு இடத்திலும் இல்லை! பை படத்திலே மட்டும் இருந்தது. நான் எழுதியது அறிக்கைத் தமிழ். வாங்குகிறவர் தேடுவது அடுப்படித் தமிழ்.

ஒரே மூட்டைக்கு எத்தனை பெயர்!

சாமை, தினை, வரகு இவற்றைச் சிறுதானியம் என்கிறோம், குறுதானியம் என்கிறோம். 2018-இலே மத்திய அரசு இவற்றை ஊட்டமிகு தானியம் என்று அறிவித்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே வருஷத்து மத்திய பட்ஜெட்டிலே 'ஸ்ரீ அன்னா' என்ற பெயர் வந்தது. பட்டணத்திலே 'மில்லட்' என்கிறார்கள். இதிலே எதைத் தட்டுவார்கள்?

கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கேழ்வரகு, இன்னொருவருக்குக் கேப்பை, மற்றொருவருக்கு ராகி. இலங்கைத் தமிழருக்கு அது குரக்கன். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் 'குரக்கன் மாவு' என்றுதான் தேடுவார். கேழ்வரகு என்று நாம் எழுதி வைத்திருப்பது அவர் கண்ணிலே எளிதில் படாது.

ஒலி ஒன்றாக இருந்து பொருள் வேறாவதும் உண்டு. வடநாட்டிலே விரத நாளில் சாப்பிடும் 'சாமா சாவல்' பெரும்பாலும் நம் குதிரைவாலி. நம் சாமையை அங்கே குட்கி என்கிறார்கள். சாமா என்று தேடி வருகிறவருக்குச் சாமையை அனுப்பினால் பார்சல் திரும்பி வந்துவிடும், நம் பெயரும் கெட்டுப்போகும்.

இன்னொரு சங்கதி. தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்திலே தட்டுகிறவர்கள் ஏராளம். சாமையை எஸ், ஏ, எம், ஏ, ஐ என்று ஒருவர் தட்டுவார். எஸ்-க்குப் பிறகு இரண்டு ஏ போடுவார் இன்னொருவர். நம் மலையின் பெயரையே பாருங்கள். கல்வராயன் என்றும் எழுதுகிறோம், கல்ராயன் என்றும் எழுதுகிறோம். இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் கருவி நோட்டுப் புத்தகம்

சொல்லைத் தேட முதலில் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நோட்டிலே மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் நாம் சொல்லும் பெயர். இரண்டாவதில் வாங்க வந்தவர் கேட்ட பெயர், அவர் வாயிலே வந்தபடியே. மூன்றாவதில் எதற்காகக் கேட்டார் என்பது. உழவர் சந்தையிலோ கண்காட்சிக் கடையிலோ நிற்கும்போதும், போன் வரும்போதும் எழுதிக்கொண்டே வாருங்கள். திருத்தி எழுதாதீர்கள். "சாமை சோறு ஆக்குற அரிசி" என்று கேட்டால் அப்படியே எழுதுங்கள்.

அடுத்தது, தேடுபொறியின் பெட்டி. 'சாமை' என்று தட்டி ஒரு இடைவெளி விட்டுக் கொஞ்சம் பொறுங்கள். கீழே ஒரு பட்டியல் இறங்கும். பெரும்பாலும் பிறர் தேடும் சொற்களை வைத்து வருவது அது. பக்கத்தின் அடியிலும் தொடர்புள்ள தேடல்கள் இருக்கும். எல்லாவற்றையும் நோட்டிலே ஏற்றுங்கள். ஆனால் உங்கள் போன் நீங்கள் முன்பு தேடியதை நினைவில் வைத்திருக்கும். அதனால் 'இன்காக்னிட்டோ' என்ற மறைநிலையிலே பாருங்கள்.

மூன்றாவது, கூகுள் ட்ரெண்ட்ஸ். 2006-இலே வந்தது, இலவசம். இரண்டு மூன்று சொற்களைப் பக்கத்திலே பக்கத்திலே வைத்து, எது கூடுதலாகத் தேடப்படுகிறது, எந்த மாநிலத்தில், எந்த மாதத்தில் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிலே வரும் எண் 0 முதல் 100 வரை. அது ஆட்களின் கணக்கு இல்லை. உச்சமாகத் தேடப்பட்ட நேரத்தை 100 என்று வைத்து மற்றதை அளந்து காட்டுவது. தமிழ் எழுத்தில் ஒரு தரம், ஆங்கில எழுத்தில் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். ரொம்பக் குறைவாகத் தேடப்படும் சொல்லுக்குப் படம் வராது.

நான்காவது, கீவேர்டு பிளானர். இது விளம்பரம் கொடுப்பவர்களுக்காகக் கூகுள் வைத்திருப்பது. 2018 முதல் கூகுள் விளம்பரச் சேவையிலே தமிழும் உண்டு. ஒரு சொல்லை மாதம் சுமார் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்று காட்டும். விளம்பரச் செலவு செய்யாதவர்களுக்கு 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று வரம்பாகத்தான் காட்டும். நமக்கு அது போதும். இரண்டு எச்சரிக்கை. கணக்குத் தொடங்கும்போது தெரியாமல் காசு பிடிக்கும் விளம்பரத்தைத் தொடங்கிவிடாதீர்கள். அதிலே 'போட்டி' என்று ஒரு பத்தி இருக்கும். அது விளம்பரக்காரர்களுக்குள் உள்ள போட்டி. நம் பக்கம் மேலே வருவது சுலபமா கஷ்டமா என்பதை அது சொல்லாது.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

பட்டியல் நீளமாகிவிட்டது. இனி களை எடுக்க வேண்டும். அந்தக் கல்லூரித் தம்பி கணக்குப் பார்த்துவிட்டு, "சார், கல்வராயன் மலைங்கிற சொல்லைத்தான் நிறையப் பேர் தேடுறாங்க. அதையே பெரிசாப் போட்டுடலாம்" என்றான். நான் கேட்டேன்: "அவங்க எதுக்குப்பா தேடுறாங்க?" மேகம் அருவிக்கு வழி எது, பெரியார் அருவியிலே தண்ணி வருதா, கோமுகி அணையைப் பார்க்க முடியுமா, இதற்குத்தான் பெரும்பாலும் தேடுகிறார்கள். நம் பக்கத்துக்கு வந்தாலும் அருவி இல்லை என்று அடுத்த நொடியே போய்விடுவார்கள். தேர்த் திருவிழாவிலே கூட்டம் பெரிசுதான். அங்கே போய் விதைநெல் விற்க முடியுமா?

ஆகவே சொல்லைப் பார்த்தால் போதாது, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் பார்க்க வேண்டும். இதற்குக் கடுக்காயை விட நல்ல உதாரணம் கிடையாது. 'கடுக்காய் பொடி' என்று தேடுகிறவர் திரிபலாவோ பல்பொடியோ நினைத்துத் தேடுகிறார். 'கடுக்காய் சுண்ணாம்பு' என்று தேடுகிறவர் பழைய முறையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்துச் சுண்ணாம்புக் காரை அரைக்கிறவர். 'கடுக்காய் சாயம்' என்றால் துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர். கலம்காரித் துணிக்குக் கடுக்காய் இல்லாமல் முடியாது. 'கடுக்காய் மொத்த விலை' என்றால் வியாபாரி. காய் ஒன்று, ஆள் நான்கு. ஒருவருக்குக் கால் கிலோ போதும், இன்னொருவருக்கு மூட்டைக் கணக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும்.

சாமையும் அப்படித்தான். 'சாமை சாகுபடி', 'சாமை விதை' என்று தேடுகிறவர் நம்மைப் போன்ற விவசாயி. அவருக்குக் கோ.4, ஏ.டி.எல்.1 போன்ற ரகங்களின் விவரம் வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளமும், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தல் சிறுதானிய மையமும் அவருக்குப் பதில் சொல்லும். 'சாமை பொங்கல் செய்வது எப்படி' என்பவர் சமைக்கிறவர். இன்று இல்லாவிட்டாலும் நாளை வாங்கக்கூடியவர். 'சாமை அரிசி 5 கிலோ விலை' என்பவர் பையோடு வாசலிலே நிற்கிறவர். பெரிய சொல்லுக்குப் பெரிய கம்பெனிகள் முன்னால் நிற்கும். இப்படி நீளமான சொல்லைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அங்கே நமக்கு இடம் கிடைக்கும்.

இப்போதெல்லாம் 'சாமை என்றால் என்ன' என்பது போன்ற கேள்விக்குத் தேடுபொறியே செயற்கை நுண்ணறிவால் ஒரு பதிலை எழுதி மேலே காட்டிவிடுகிறது. கேட்டவர் படித்துவிட்டு எந்தப் பக்கத்துக்கும் வராமல் போகலாம். அரிசி வாங்க வேண்டியவர் பதிலை வைத்துக்கொண்டு சோறாக்க முடியாது. அவரை நினைத்து எழுதுங்கள்.

சொல்லை எங்கே நடுவது?

தேர்ந்தெடுத்த சொல் பக்கத்தின் தலைப்பிலே வரவேண்டும். முதல் பத்தியிலே இயல்பாக வரவேண்டும். 'கேழ்வரகு மாவு, ராகி மாவு என்றும் குரக்கன் மாவு என்றும் சொல்வார்கள்' என்று ஒரு வரி எழுதினால் மூன்று பேரும் வந்து சேருவார்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வையுங்கள். விலை, எடை, அனுப்பும் செலவு, போன் நம்பர் எல்லாம் எழுத்திலே இருக்கட்டும். விலைப்பட்டியலைப் படமாக ஒட்டிவிட்டால் அதிலுள்ள எழுத்தைத் தேடுபொறி சரியாக வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நாங்கள் செய்த பிழை அதுவே.

தமிழ் எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலே அடித்தால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது ஏதோ ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

'சாமை அரிசி, சாமை அரிசி' என்று ஒரே சொல்லை ஐம்பது தரம் அடுக்காதீர்கள். அளவுக்கு மீறிய யூரியா பயிரைச் சாய்க்கிற மாதிரி, அது பக்கத்தைக் கீழே தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலே கீவேர்டு பட்டியல் சொருகித் தருகிறேன், காசு கொடுங்கள் என்று சிலர் வருவார்கள். அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ஏமாறாதீர்கள்.

வரவழைக்கும் சொல் எல்லாம் நம் சொல்லா?

நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "சார், 'ஆர்கானிக்'னு ஒரு சொல் போட்டா இன்னும் ஆள் வரும் சார்" என்றான். நான் வேண்டாம் என்றேன். ஆர்கானிக் என்று சொல்லி விற்கப் பொதுவாக என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை உண்டு என்றாலும், வெளியூருக்கு அனுப்பி விற்கப் போகிறவர்கள் சான்று வாங்கிய பிறகே அந்தச் சொல்லைத் தொடுவது நல்லது.

"மருந்து அடிக்கலைங்கிறது நெசந்தானே சார்?" என்றார் அந்த அம்மா. பக்கத்திலே இருந்த இன்னொரு பெண் மெதுவாகச் சொன்னார்: "சாமைக்கு அடிக்கல அக்கா. கேழ்வரகுக்கு யூரியா போட்டோமே."

அத்தோடு பேச்சு நின்றது. பிறகு பக்கத்திலே இப்படி எழுதினோம்: 'சாமை மலையில் மானாவாரியாக விளைந்தது. பூச்சிமருந்து தெளிக்கவில்லை. கேழ்வரகுக்கு ரசாயன உரம் இட்டிருக்கிறோம். ஆர்கானிக் சான்று இன்னும் பெறவில்லை.' இதைப் படித்துச் சிலர் போயிருக்கலாம். போகட்டும். பொய்யை நம்பி வந்தவர் ஒருதரம் வாங்குவார், மறுதரம் நாலு பேரிடம் சொல்லுவார்.

'சர்க்கரை நோய்க்குச் சாமை' என்று தேடுகிறவர்களும் உண்டு. நோயைத் தீர்க்கும் என்று எழுதிவிடாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாமை சாப்பிட்டு ஒருவர் படுத்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

விதைத்த பிறகு வயலைப் பாருங்கள்

சர்ச் கன்சோல் என்று கூகுளின் இலவசக் கருவி ஒன்று உண்டு. நம் தளம் எந்தெந்தச் சொல்லுக்குத் தேடலில் தலை காட்டியது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்று 16 மாதம் வரைக்கும் கணக்குக் காட்டும். தலை காட்டியது அதிகம், உள்ளே வந்தவர் குறைவு என்றால், பல சமயம் தலைப்பு சரியில்லை. நாம் நினைக்காத சொல்லுக்கு ஆள் வந்திருந்தால் அந்தச் சொல்லுக்குத் தனிப் பக்கம் எழுதலாம். மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும். இன்று மாற்றி நாளை பலனை எதிர்பார்க்காதீர்கள். சில வாரம் ஆகும், சில மாதமும் ஆகலாம். சாமையே கதிர் முற்ற மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறதே.

எங்கள் தளத்தின் தலைப்பை மாற்றி எழுதிச் சில வாரம் கழித்து முதல் போன் வந்தது. நாங்கள் எதிர்பார்த்தது சாமைக்கு. வந்தது கடுக்காய்க்கு. புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்புக் காரை வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர். "கொட்டை எடுத்து இடிச்சதா, முழுக் காயா?" என்று கேட்டார். எடுத்த அம்மா பதில் சொல்லிவிட்டு, முதல் வேலையாக நோட்டை எடுத்து, 'இடிச்ச கடுக்காய்' என்று இரண்டாவது பத்தியிலே எழுதினார். எனக்கு அந்த மேஸ்திரி வாங்கியதை விட இது பெரிய சந்தோஷம். சாமை மூட்டைகள் மெதுவாகத்தான் குறைந்தன. கொஞ்சத்தை வியாபாரிக்கே போட வேண்டியும் வந்தது. அடுத்த பட்டத்திலே எவ்வளவு நிறுத்திவைப்பது என்பதை இப்போது அவர்களே நோட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்கிறவர் வாய்ச்சொல்லை நோட்டிலே எழுதுங்கள். தேடுபெட்டியிலும் ட்ரெண்ட்ஸிலும் போட்டுச் சரிபாருங்கள். கூட்டத்தை விட்டு வாங்குகிறவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் சொல்லைத் தலைப்பிலே வையுங்கள். உண்மையல்லாத சொல்லை வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். நாளை சந்தைக்குப் போகும்போது பையிலே ஒரு நோட்டும் பேனாவும் போட்டுக்கொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.